ஒரே பட்டன் காற்பந்து கேம்: என் வீட்டுல ஜெயிக்கிறேன், கொழுந்தனார் வீட்டுல தோக்கிறேன். ஏன்?

பிறை மீனா:

எல்லாருக்கும் வணக்கம். கேம் சமாச்சாரத்தை இந்தப் பகுதியில கேட்கலாமான்னு தெரியல. தப்புன்னா மாடரேட்டர் எடுத்து வேற இடத்துல போட்டுடுங்க. எங்க வீட்டுல தீபாவளி லீவுல ஆரம்பிச்ச சண்டை இது, இன்னும் ஓயல.

பிரவுசர்ல ஓசியா ஆடுற ரெண்டு பேர் காற்பந்து கேம் தெரியும்தானே? ஒரு பக்கத்துக்கு ரெண்டு பொம்மை. ஒருத்தன் கோல் வாசல்ல, ஒருத்தன் நடுத்திடல்ல. ஆனா ஆளுக்கு ஒரே ஒரு பட்டன். எனக்கு மேல் அம்பு, எதிராளிக்கு டபிள்யூ. அமுக்கினா ரெண்டு பொம்மையும் ஒண்ணா எகிறி காலைத் தூக்கும், விட்டா விழும். அவ்வளவுதான். ஓட முடியாது, பாஸ் குடுக்க முடியாது, திரும்பக்கூட முடியாது. சும்மா நிக்கும்போதே முன்னாலயும் பின்னாலயும் ஆடிக்கிட்டே இருக்கும். யார் முதல்ல 5 கோல் போடுறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க.

என் வீட்டுக்காரர் நிஜமாவே பந்து ஆடுற ஆளு. ஸ்கூல் டீம்ல ஆடினாரு, அப்புறம் கம்பெனி டீம், இப்பவும் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பட்டர்வொர்த் பக்கம் கூட்டாளிங்களோட இறங்கிட்டு வந்து முட்டிக்கு ஐஸ் வெச்சுக்கிட்டு உக்காருவாரு. நான் பள்ளிக்கூடத்துல பந்தைத் தொட்டதே இல்ல. விளையாட்டுப் போட்டி நாள்னா மைலோ வண்டி வரிசையில முதல் ஆளா நிக்கிறதுதான் என் சாதனை. ஆனா இந்த கேம்ல நான் அவரை அடிக்கிறேன். எப்பவாச்சும் இல்ல, பெரும்பாலும்.

ஒரு கோலை மட்டும் சொல்றேன். என் கோலி மல்லாக்க விழுந்து கிடக்கிறான். பந்து உருண்டு வந்து அவன் வயித்து மேல உக்காந்துருச்சு. நகரவே இல்ல. வீட்டுக்காரர் டபிள்யூவைப் படபடன்னு தட்டுறாரு, அவர் ஆளுங்க ரெண்டு பேரும் குதிச்சுக் குதிச்சு அவங்க கோல் பக்கமே பின்வாங்குறாங்க. நான் விரலைத் தூக்கிட்டுக் காத்திருந்தேன். என் முன்னாடி ஆளு மெதுவா முன்னால சாயறான், சாயறான்... ஒரே அமுக்கு. கீழ கிடந்த கோலியும் அதே நேரத்துல காலை உதறினான், வயித்துல இருந்த பந்து மேல போய் முன்னாடி ஆளு முட்டியில பட்டு நேரா உள்ள. மாமியார் அடுப்படியில இருந்து எட்டிப் பார்த்து "யாருக்கு என்ன ஆச்சு"ன்னு கேட்கற அளவுக்குக் கத்தினேன்.

இவர் என்ன சொல்றார்னா, "இதுல ஆடறதுக்கு ஒண்ணுமே இல்ல மீனா. நீ அமுக்குற, பொம்மை விழுது, பந்து எங்கயோ போகுது. எல்லாம் அதிர்ஷ்டம்."

சரி, போகட்டும்னு விட்டிருப்பேன். போன வாரம் பினாங்குப் பாலம் தாண்டி சுங்கை ஆரா போனோம், கொழுந்தனார் வீட்டுக்கு. அவர் கேமுக்குன்னே ஒரு கணினி கட்டி வெச்சிருக்காரு, பெரிய வளைஞ்ச திரை, கீபோர்டுக்குள்ள கலர் கலரா விளக்கு. அங்க எல்லார் முன்னாடியும் ஆடினோம். பந்தயம், தோத்தவங்க எல்லாருக்கும் நாசி கண்டார், அதான் சோறும் கறியும், வாங்கித் தரணும். வரிசையா தோத்தேன். கணவா, மீன் முட்டைன்னு ஒண்ணு விடாம கேட்டு வாங்கினாங்க பாவிங்க.

இவர் காடியில திரும்பி வரும்போது பாலம் முழுக்க ஒரே பாட்டு: "பாத்தியா, அதிர்ஷ்டம்னு சொன்னேன்ல." ஆனா எனக்கு என்னமோ இடிக்குது. அந்த வீட்டுல எல்லாமே அவசரமா நடந்துச்சு. சாயறான்னு நான் பார்த்து அமுக்கறதுக்குள்ள அவன் விழுந்து, எழுந்து, அந்தப் பக்கம் சாஞ்சுட்டான். ஓரகத்தி கிட்ட சொன்னா "பெரிய திரைக்கா, அப்படித்தான் தெரியும்"ங்கிறா.

ஒண்ணு, இந்த கேம்ல திறமைன்னு ஏதாச்சும் இருக்கா இல்லையா? ரெண்டு, அதே கேம் அந்த வீட்டுல ஏன் வேற மாதிரி ஆடுது? வீட்டுக்காரரும் இங்க படிப்பாரு, அதனால விளக்கமா சொல்லுங்க.

சுங்கை டுவா தம்பி:

அக்கா, "விரலைத் தூக்கிட்டுக் காத்திருந்தேன்"னு எழுதினீங்க பாருங்க, அதான் முழு ஆட்டமும். எங்க ரூம்ல இதுல கில்லாடியா இருக்கிற பையன் மத்தவனுங்களை விட ரொம்பக் கம்மியாதான் பட்டனைத் தொடுவான். புதுசா வர்றவன்லாம் டக்கு டக்குன்னு தட்டி ஸ்பேஸ் பார் வரைக்கும் உடைப்பானுங்க. அண்ணன் ஜாதகம் அங்கயே தெரிஞ்சு போச்சு.

சுங்கை ஆரா மர்மம் எனக்குத் தெரியல. வேற யாராச்சும் சொல்லுங்க.

செந்தூல் குமரன்:

கோலாலம்பூர்ல இருந்து ஒரு ஓட்டு அண்ணனுக்கு. அதிர்ஷ்டம்தான், சந்தேகமே வேணாம்.

ஒவ்வொரு கோலுக்கும் கேம் எதையாவது மாத்துது. ஒரு தடவை சாதாப் பந்து, அடுத்தது கடற்கரைப் பந்து, திடீர்னு தரையெல்லாம் பனி, வழுக்குது. பொம்மை கை கால் நீளம்கூட மாறும். இதுல எதைப் பழகுறது? எங்க அக்கா மகன் இன்னும் பாலர் பள்ளிக்குக்கூடப் போகல, கீபோர்டை உள்ளங்கையால அடிச்சே என் மேல கோல் போட்டான். அவனுக்கு என்ன திறமைன்னு சொல்லுவீங்க? சிரிக்கறதுக்கு ஆடுற கேம். நல்லா சிரிங்க, நாசி கண்டார் சாப்பிடுங்க, போய்த் தூங்குங்க.

நிரல் நாதன்:

மீனாக்கா, உங்க ரெண்டாவது கேள்விதான் எனக்கு இனிக்குது, அதை முதல்ல எடுத்துக்கறேன். வேலை பாயான் லெப்பாஸ்ல, அங்க எழுதற நிரலுக்கும் கேமுக்கும் சம்பந்தமே இல்ல. ராத்திரியில சின்னச் சின்னதா கேம் எழுதிப் பார்க்கிற கிறுக்கு உண்டு.

உங்க கொழுந்தனார் திரை 144 ஹெர்ட்ஸா இருக்கும்னு நினைக்கிறேன். கேமிங் மானிட்டர்னு கேட்டு வாங்கினா அதுதான் இப்ப சாதாரணம். உங்க வீட்டு லேப்டாப் பெரும்பாலும் 60. அதாவது உங்க திரை வினாடிக்கு 60 தடவை படத்தைப் புதுசா வரையுது, அவர் திரை 144 தடவை.

இந்த மாதிரி கேம்ல பந்து எங்க போகணும், பொம்மை எப்படி விழணும்னு யாரும் எழுதி வைக்கறதில்ல. பொம்மைங்கறது தலை, உடம்பு, தொடை, கெண்டைக்கால்னு தனித்தனிக் கட்டைங்க. நடுவுல மூட்டு. முழங்கால் இந்தக் கோணத்துக்கு மேல மடங்காது, பந்து தரையில பட்டா வேகத்துல இவ்வளவு பங்கு திருப்பி எகிறணும், தரை இவ்வளவு வழுக்கணும், இந்த மாதிரி சில எண்கள் மட்டும் குடுப்பாங்க. மீதியை இயற்பியல் நிரல் பார்த்துக்கும். துளி நேரத்துக்கு ஒரு கணக்குப் போட்டு, எல்லாக் கட்டையையும் துளி நகர்த்தும். திரும்பக் கணக்கு, திரும்பத் துளி நகர்த்தல். அந்தத் துளி வழக்கமா 1/60 வினாடி.

ஒழுங்கா எழுதினவங்க, திரை எத்தனை தடவை வரைஞ்சாலும் சரி, கணக்கை வினாடிக்கு 60 தடவைதான் ஓட்டுவாங்க. அவசரமா எழுதினா, திரை ஒரு தடவை வரைஞ்சா கணக்கு ஒரு தடவைன்னு கட்டிப் போட்டுடுவாங்க. எழுதினவர் மேசையில இருந்தது 60 ஹெர்ட்ஸ் திரைதான், அதனால அவருக்கு வித்தியாசமே தெரிஞ்சிருக்காது. உங்க கொழுந்தனார் திரையில அதே கேம் ஒரு வினாடிக்குள்ள 144 துளி நகர்ந்துடும். 144-ஐ 60-ஆல வகுத்தா 2.4. பந்து, பொம்மை, விழறது, எழறது எல்லாமே 2.4 மடங்கு வேகம்.

இப்ப உங்க ஆட்டத்துக்கு வாங்க. உங்க வீட்டுல பொம்மை முன்னால சாஞ்சிருக்கிற நேரம் அரை வினாடின்னு வெச்சுக்குங்க. அங்க அது 0.2 வினாடியா சுருங்கிடுச்சு. கண்ணு பார்த்து விரல் அமுக்கறதுக்கே மனுஷனுக்குக் கிட்டத்தட்ட 0.2 வினாடி ஆகும். நீங்க பார்த்து அமுக்கிற ஆளு, அதனால உங்க வித்தை மொத்தமும் அங்க காலி. உங்க வீட்டுக்காரர் ரெண்டு வீட்டுலயும் பார்க்காமத்தான் தட்டுறாரு, அவருக்கு ஒரு நஷ்டமும் இல்ல. மன்னிச்சுக்குங்க அண்ணே.

நான் சொல்றதை நம்ப வேணாம், சோதிச்சுப் பாருங்க. ஆட்டம் ஆரம்பிக்கும்போது யாரும் பட்டனைத் தொடாதீங்க. பொம்மை பத்து தடவை முன்னும் பின்னும் ஆட எத்தனை வினாடின்னு கைப்பேசியில ஸ்டாப்வாட்ச் வெச்சு எடுங்க, ரெண்டு வீட்டுலயும். அங்க நேரம் பாதிக்கும் கீழ வந்தா இதுதான் காரணம். சரி பண்றது சுலபம். விண்டோஸ் செட்டிங்ஸ்ல சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே. அங்க ரிஃப்ரெஷ் ரேட்டை 60 ஆக்குங்க, பிரவுசரை மூடித் திறங்க.

முதல் கேள்வி. துடைப்பத்தைத் தலைகீழா உள்ளங்கையில நிறுத்திப் பாருங்க. கைய நகர்த்திக்கிட்டே இருந்தாத்தான் நிக்கும், நகர்த்தறது கொஞ்சம் மிஞ்சினா மறுபக்கம் சாயும். இந்த பொம்மைங்களை நிமிர்த்தி வைக்கறதும் பெரும்பாலும் அப்படித்தான். சாயும்போது ஒரு சுழல் விசை இழுத்து நிமிர்த்தும், அது மிஞ்சிப் போய் அந்தப் பக்கம் சாயும். நீங்க பட்டனை அமுக்கினா விசை கிளம்பறது பொம்மையோட காலுல இருந்து தலை பக்கமா. முன்னால சாஞ்சிருந்தா முன்னால பாயும். பின்னால சாஞ்சிருந்தா சொந்தக் கோலைப் பார்த்துப் பாயும். ஒரே பட்டன்தான், ஆனா எப்ப அமுக்குறீங்கங்கறதுக்குள்ள திசையும் அடங்கியிருக்கு. திறமை ஒளிஞ்சிருக்கிற இடம் அது.

குமரன், உங்க மருமகன் கோல் போட்டது நிஜமாத்தான் இருக்கும். மூட்டு மூட்டா இணைச்ச உடம்புங்க ஆரம்பத்துல மயிரிழை மாறினாலும் கொஞ்ச நேரத்துல எங்கயோ கொண்டு போய் விட்டுடும். அதே கணினியில, அதே பந்து அதே தரைன்னா, அதே நேரத்துல அதே பட்டனை அமுக்கினா அச்சு அசலா அதே ஆட்டம்தான் வரும், ஆனா 1/60 வினாடி தள்ளி அமுக்கினா வேற ஆட்டம். அதனால ஒரு கோலை வெச்சுத் திறமைன்னு சொல்ல முடியாது. பத்துக் கோலை வெச்சும் சொல்ல முடியாது.

இங்க கொஞ்சம் கணக்கு. ஒவ்வொரு கோலையும் மீனாக்கா போட 60 சதவீத வாய்ப்புன்னு வைங்க. அதாவது பத்துக் கோல்ல நாலு அண்ணனோடது, சும்மா இல்ல. முதல்ல 5 கோல்ங்கற ஆட்டத்துல அக்கா ஜெயிக்கிற வாய்ப்பு 73 சதவீதம். அப்படி மூணு ஆட்டத்துல ரெண்டு ஜெயிச்சவங்கன்னு வெச்சா 82 சதவீதம். ஆட்டம் நீள நீள அதிர்ஷ்டம் கரையும். ஒரே ஆட்டத்துக்கு நாசி கண்டார் பந்தயம் கட்டினா மட்டும் அண்ணனுக்கு நல்லது.

வழியில ஒண்ணு சொல்லிக்கறேன். இந்த வகைக்கு மூத்தது க்வாப். 2008-ல பென்னெட் ஃபோடி போட்ட ஓட்டப்பந்தய கேம். ரெண்டு பட்டன் தொடைக்கு, ரெண்டு பட்டன் கெண்டைக்காலுக்கு. 100 மீட்டர் ஓடணும், முக்கால்வாசிப் பேர் கிளம்புற இடத்துலயே மண்டை குத்தி விழுவாங்க. ஒரே பட்டன் காற்பந்துன்னா ஃபின்லாந்துக்காரர் ஓட்டோ வில்லே ஓயாலாவோட சாக்கர் பிசிக்ஸ். நாலு பட்டனை ஒண்ணாக் குறைச்சது எனக்குப் பெரிய புத்திசாலித்தனமாத் தெரியுது. க்வாப்ல நீங்க தனியா அவமானப்படுவீங்க, இதுல துணைக்கு ஆள் உண்டு. உள்ள ஓடுற இயற்பியல் நிரலுங்க இலவசமாவே கிடைக்கும். எரின் காட்டோ எழுதின பாக்ஸ் டூ டி அதுல பேர் போனது, ஆங்ரி பேர்ட்ஸ்ல பறவை எறிஞ்சதும் அதை வெச்சுத்தான்.

செந்தூல் குமரன்:

கணக்கெல்லாம் போட்டு மிரட்டறீங்க நாதன். அந்த 60 சதவீதம் எங்க இருந்து வந்துச்சு? நீங்களா வெச்சது தானே?

நிரல் நாதன்:

ஆமா, நானா வெச்சதுதான். அக்கா கணக்கு எழுதி வைக்கட்டும், நிஜ எண் வரும். 50 வந்தா உங்க பக்கம் நானே வந்து நிக்கிறேன்.

பிறை மீனா:

நாதன் தம்பி, நான் லாரி கம்பெனியில கணக்குப் பார்க்கிற ஆளு. கணக்கு எழுதச் சொன்னா விடுவேனா? ஐஸ் பெட்டியில மேக்னட் வெச்சு ஒரு தாள் ஒட்டியாச்சு. வீட்டுக்காரர் கையெழுத்தும் வாங்கியாச்சு.

சாயும்போது அமுக்குன்னு நான் யோசிச்சு ஆடல, கை தானா பழகிடுச்சு. நீங்க சொன்னதும்தான் புரியுது. ஆனா இன்னொரு விஷயம். என் முன்னாடி ஆளு நல்லா சாயற நேரத்துல கோலி பின்னால சாஞ்சு நின்னா என்ன பண்றது? அமுக்கினா ரெண்டு பேரும் எகிறிடறாங்களே.

புக்கிட் மெர்தாஜாம் வாத்தியார்:

மீனா, நான் பணி ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர். பேரப்பிள்ளைகள் இந்த விளையாட்டை ஆடும்போது பின்னால் உட்கார்ந்து பார்த்ததுண்டு. நீங்கள் கடைசியாகக் கேட்டதுதான் இந்த ஆட்டத்தின் உயிர்நாடி.

உண்மையான கோல் கம்பங்களுக்கு நடுவே 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். கோல்காவலரின் பாடு முழுக்க அந்த 7.32-இல்தான். ஒரு பக்கம் பாய்ந்தால் மறுபக்கம் திறந்து கிடக்கும். இந்த விளையாட்டைப் பக்கவாட்டிலிருந்து பார்க்கிறோம், ஆகவே அகலமே கிடையாது. உயரம் மட்டும்தான். கம்பத்துக்குக் கீழே 1.8 மீட்டர் ஆள் ஒருவர் சும்மா நின்றால் வாசலில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு அடைபட்டுவிடும். அவரே மல்லாந்து விழுந்தால் மொத்த வாசலும் திறந்துவிடும். திரையில் பொம்மையும் கம்பமும் அதே அளவில் இல்லாமல் இருக்கலாம், ஆனால் கணக்கு அதுதான்.

அதனால் ஒவ்வொரு அமுக்கலுக்கும் ஒரு விலை உண்டு. முன்னால் இருப்பவரைத் தாக்க அனுப்பும்போது, பின்னால் இருப்பவரையும் வாசலை விட்டு எழுப்பி விடுகிறீர்கள். பந்து உங்கள் பாதியில் இருந்தால், கோலி நேராக நிற்கும்வரை அமுக்கவே கூடாது. பந்து எதிராளியின் கோலுக்குப் பக்கத்தில் இருந்தால் கோலியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், முன்னால் இருப்பவரின் சாய்வை மட்டும் பாருங்கள். எதிராளியின் கோலி விழுந்து கிடக்கும் அந்தச் சில நொடிகளில் மட்டும் துணிந்து அமுக்கலாம், இருவரில் யார் எப்படி இருந்தாலும்.

உங்கள் கணவர் தோற்பதற்கு அவர் நன்றாகப் பந்து ஆடுபவர் என்பதே காரணமாக இருக்கலாம். திடலில் பந்து வரும்போது பாதத்தைச் சற்றே பின்னுக்கு இழுத்து வாங்குவோம், பந்து காலோடு ஒட்டி நிற்கும். அந்த மென்மையைச் சொல்லிக் கொடுக்க எனக்குப் பல மாதம் ஆகும். விளையாட்டில் பொம்மையின் கால் மரக்கட்டை. பந்து பட்டால் எகிறும், எப்போதும் ஒரே பங்கில். பந்தைக் கண்டதும் காலை நீட்டும் பழக்கம் உள்ளவருக்கு அது எதிரி. பந்தே ஆடாதவருக்கு மறக்க வேண்டிய பழக்கம் எதுவும் இல்லை.

பினாங்குக்காரர்கள் கூடியிருக்கும் இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2016 பிப்ரவரி 16, பகாங்குக்கு எதிரான ஆட்டத்தில் பினாங்கு ஆட்டக்காரர் ஃபைஸ் சுப்ரி அடித்த ஃப்ரீ கிக்கை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பந்து ஒரு பக்கமாகப் போவது போலக் கிளம்பி, நடுவானில் சட்டென்று மறுபக்கம் வளைந்து மேல் மூலையில் இறங்கியது. கோல்காவலர் தப்பான பக்கம் அடியெடுத்து வைத்துவிட்டார். அதற்குத்தான் ஆண்டின் சிறந்த கோலுக்கு ஃபிஃபா தரும் புஸ்காஸ் விருது, ஆசிய ஆட்டக்காரர் ஒருவர் அதை வாங்கியது அதுவே முதல் முறை. அந்த வளைவு முழுக்கக் காற்றின் வேலை. இந்தப் பொம்மை விளையாட்டுகளில் காற்றைக் கணக்கில் எடுப்பது மிக அபூர்வம். கிளம்பிய பந்து பாடநூலில் போட்ட வளைகோட்டில்தான் போய் இறங்கும். அதுவும் உங்களுக்குச் சாதகம், பந்து எங்கே விழும் என்பதைக் கண்ணாலேயே கணித்துவிடலாம்.

செந்தூல் குமரன்:

வாத்தியார் சொன்ன அகலம் விஷயம் நான் யோசிச்சதே இல்ல. சரி, கொஞ்சம் இறங்கி வர்றேன். பாதி திறமை, பாதி அதிர்ஷ்டம்.

கூலிம் ரவி:

டிவியில மாட்டி ஆடுறவங்களுக்கு ஒரு வார்த்தை. தீபாவளி திறந்த இல்லம், பிறந்தநாள்னா நிறைய பேர் எச்டிஎம்ஐ வயர் போட்டுப் பெரிய டிவியில ஆடுவாங்க. டிவி படத்தை அழகுபடுத்தறேன்னு கொஞ்ச நேரம் பிடிச்சு வெச்சுத்தான் காட்டும். அமுக்கின பிறகு தாமதமாத் தெரியும், இந்த கேம்க்கு அது விஷம். ரிமோட்ல கேம் மோட் இருந்தா போட்டுடுங்க.

ஒரே லேப்டாப்ல ரெண்டு பேர் முழங்கை இடிச்சுக்கிட்டு ஆடறதுக்குப் பதிலா, வீட்டுல சும்மா கிடக்கிற பழைய யூஎஸ்பி கீபோர்டைச் சொருகுங்க. எத்தனை கீபோர்டு மாட்டினாலும் விண்டோஸுக்கு எல்லாம் ஒண்ணுதான். ஒருத்தர் லேப்டாப்ல டபிள்யூ, இன்னொருத்தர் சோஃபால சாஞ்சுக்கிட்டு மேல் அம்பு. ஒருத்தர் கைய ஒருத்தர் தட்டி விடற திருட்டு வேலையும் நிக்கும்.

பிறை மீனா:

ரவி அண்ணே, கையைத் தட்டி விடறது எங்க வீட்டுல யாருன்னு நான் சொல்லப் போறதில்ல.

சேதி இருக்கு. ஞாயித்துக்கிழமை மறுபடியும் சுங்கை ஆரா போனோம். முதல்ல பொம்மை ஆடற நேரத்தை எடுத்தோம், எங்க வீட்டுல எடுத்ததுல பாதிகூட இல்ல. கொழுந்தனார் நம்பவே இல்ல, செட்டிங்ஸ்ல போய்ப் பார்த்தா 144. நாதன் தம்பி, உங்களுக்கு ஒரு தே தாரிக் கடன். 60 ஆக்கிட்டுத் திறந்ததும் ஓரகத்தி முதல் பார்வையிலயே "ஐயோ, என்ன இப்படி மெதுவா நகருது"ன்னா. எனக்கு எங்க வீட்டு கேம் திரும்பக் கிடைச்ச மாதிரி இருந்துச்சு.

மூணுல ரெண்டுன்னு ஆடினோம். வாத்தியார் சொன்னபடி பந்து என் பாதியில இருந்தா விரலையே வைக்கல. பனி விழுந்த ஆட்டத்துல என் கோலி அப்படியே வழுக்கி வலைக்குள்ள போயிட்டான், அந்தக் கோலுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியல. மத்தபடி ஜெயிச்சேன். கொழுந்தனாரையும் அடிச்சேன், அதை இவர் எதிர்பார்க்கல.

இவர் இப்ப புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சிருக்காரு. மேல் அம்பு பக்கம், அதாவது வலது பக்கம் ஆடுறவங்களுக்குத்தான் கேம் சாதகமா இருக்காம். அதனால இனிமே அவர் வலது பக்கம். அப்படி ஏதாச்சும் நிஜமா உண்டா தம்பி?

நிரல் நாதன்:

தே தாரிக் போதாதுக்கா, நாசி கண்டாரே கேட்பேன்.

அண்ணன் கேட்டதுல சின்ன உண்மை இருக்கலாம். ரெண்டு மூணு உடம்பு ஒரே நேரத்துல இடிச்சுக்கும்போது, நிரல் எல்லா மோதலையும் ஒண்ணாத் தீர்க்காது. ஒண்ணு முடிச்சு அடுத்ததுன்னு வரிசையா எடுக்கும். அந்த வரிசையில யார் முதல்லன்னு பொறுத்துத் துளி வித்தியாசம் வரும். இடதும் வலதும் கண்ணாடியில பார்க்கிற மாதிரி அச்சு அசலா இருக்கணும்னு அவசியமில்ல. ஆனா அது வருஷக்கணக்கா ஒரே பக்கம் ஜெயிக்க வைக்கிற அளவுக்குப் பெருசுன்னு நான் நம்பல.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பக்கம் மாத்தி ஆடுங்க, ஐஸ் பெட்டித் தாள்ல எந்தப் பக்கம்னு ஒரு கட்டம் சேர்த்துக்குங்க. ரவி அண்ணன் சொன்ன ரெண்டாவது கீபோர்டு இருந்தா இடம் மாற எழுந்திரிக்கக்கூட வேணாம், பட்டனை மாத்திக்கிட்டா போதும். அப்புறம் கொழுந்தனார் திரையை 144-க்குத் திருப்பி வெச்சுட்டு வந்தீங்களா? அவர் வேற கேம் திறந்து மவுஸ் எல்லாம் இழுக்குதேன்னு கணினியைக் கடைக்குத் தூக்கிட்டுப் போயிடப் போறாரு.

பிறை மீனா:

ஐயோ. இருங்க, போன் பண்ணிட்டு வர்றேன்.